ஜப்பான் கை

என் மனைவி முப்பத்துநான்கு வருடங்களாக ஏதோ ஒரு துக்கத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு இயந்திரம் சொன்னது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துநான்கு வருடம் ஆகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

நான் எத்திராஜ். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு போல்ட்டைக் கையில் வாங்கினால் அதில் ஒரு குறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்க மாட்டேன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது வேணியின் குற்றச்சாட்டு. தோசையின் ஓரம் ஒரு பக்கம் தடித்திருக்கிறது என்று எப்போதோ சொல்லித் தொலைத்தேன். அதை இன்னமும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் சொல்லிச் சிரிக்கிறாள். அளவுக் கருவிகள் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மனிதன் பொய் சொல்வான், வெர்னியர் அளவுகோல் சொல்லாது என்பது என் கட்சி. அதனால்தான் அந்த இயந்திரம் சொன்னதை அப்படியே நம்பினேன்.

வேணி என்கிற அம்சவேணி, வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். போன வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது. போகும்போது அவளுடைய பசியையும் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அரை இட்லிக்கு மேல் இறங்காது. எல்லா ஸ்கேனும் எடுத்தோம். எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஒன்பது கிலோ இளைத்துவிட்டாள். கடைசியில் ஒரு டாக்டர், "கம்போ பிரிவுல காட்டிப் பாருங்களேன்" என்று எழுதிக் கொடுத்தார்.

ஜப்பானியக் கம்பெனிகளின் ஆட்களுக்காகத் தொடங்கி, பிறகு அரசுக் காப்பீட்டில் நம்மவர்களுக்கும் திறந்துவிட்ட மருத்துவமனை அது. கம்போ என்றால் சீனாவிலிருந்து போய், ஜப்பானில் பல நூறு வருடம் ஊறி, அங்கேயே வேர்விட்ட மூலிகை வைத்தியம். டாக்டர் மிச்சிகோ ஷிமுராவுக்கு அறுபது வயது இருக்கும். நர்ஸ்களிடம் கற்றுக்கொண்ட தமிழை அவர்களைவிட நிதானமாகப் பேசுவார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் படிப்பார், நாக்கையும் நீட்டச் சொல்வார். வேணிக்கு அவர் கொடுத்தது இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் ஜின்செங்கும் இன்னும் என்னென்னவோ சேர்ந்த பழுப்புத் தூள். பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதன் பெயர் ரிக்குன்ஷிதோ. பெயர் வாயில் நுழையாமல் வேணி அதை ரிக்ஷா மருந்து என்றாள்.

வாரம் ஒருமுறை அக்குபங்சர். அதைச் செய்தவள் திண்டிவனத்துப் பெண், ஜெசிந்தா. ஒசாகாவில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவள். ஒரு சின்னக் குழாயைத் தோல்மேல் வைத்து, அதற்குள் தலைமுடி மாதிரி ஒரு ஊசியைப் போட்டு, விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டுவாள். முழங்காலுக்குக் கீழே நாலு ஊசி, கையில் இரண்டு. "கொசு கடிச்சாகூட இதைவிட வலிக்கும்" என்று வேணி சொன்னாள். இரண்டு மாதத்தில் அரை இட்லி இரண்டரை இட்லி ஆயிற்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இட்லியை எண்ணி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்க மாட்டான்.

மூன்றாவது மாதம்தான் ஜப்பான் கையிடம் வேணியின் முறை வந்தது. அதன் உண்மையான பெயர் வேறு, நம் ஜனங்கள் வைத்த பெயர் இது. கூரையிலிருந்து இறங்கும் ஒரு நீண்ட கரம். அதன் நுனியில் பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி மிருதுவான, வெதுவெதுப்பான உள்ளங்கை. நோயாளி மருத்துவமனையின் எலாஸ்டிக் பைஜாமாவுக்கு மாறி, காலை நீட்டி மல்லாந்து படுக்க வேண்டும். கை வந்து வயிற்றில் அறுபது இடத்தில் அழுத்திப் பார்க்கும். ஏழு நிமிடம்.

முடிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"எத்திராஜ் சார், எங்க வைத்தியத்துல வயித்தைத் தொட்டுப் பாக்கறது ரொம்ப முக்கியம். எங்க இறுகி இருக்கு, எங்க தளர்ந்து இருக்கு, தொப்புளுக்கு மேல துடிப்பு எப்படி இருக்கு, எல்லாம் பாப்போம். மனசுல போட்டு அடக்கினது வயித்துல தங்கும்னு எங்க பெரியவங்க சொல்வாங்க."

"நாங்களும் வயித்தெரிச்சல்னுதானே சொல்றோம்" என்றாள் வேணி.

டாக்டர் லேசாகச் சிரித்தார். "இந்தக் கை ஒசாகாவுல நாப்பதாயிரம் பேரோட வயித்தைத் தொட்டுக் கத்துக்கிட்டது. தசையும் சவ்வும் எத்தனை வருஷமா இறுகி இருக்குன்னுகூடச் சொல்லும். அம்மாவுக்கு இடுப்பைச் சுத்தி ஒரு இறுக்கம் இருக்கு, பட்டை போட்ட மாதிரி. முப்பத்துமூணுலேர்ந்து முப்பத்தஞ்சு வருஷம் பழசு. அடக்கி வச்ச துயரம்னு கை சொல்லுது. நிலை நாலு."

"நாலுன்னா?"

"அஞ்சுதான் கடைசி."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், நான் இவளை ஒரு அடி அடிச்சது கிடையாது."

"நான் அப்படிச் சொல்லல. கையும் சொல்லல. அது காரணம் சொல்லாது, காலம் மட்டும்தான் சொல்லும். ஆனா நிலை மூணுக்கு மேல போனா இல்லநலச் சட்டம் வந்துடும். உங்களுக்குத் தெரியுமில்லையா?"

தெரியும். நான்கு வருடம் முன்னால் வந்த சட்டம். நிலை மூன்றைத் தாண்டிய நோயாளியை ஏலகிரி மலையில் உள்ள ஓய்வில்லத்துக்கு நாற்பது நாள் அனுப்பிவிடுவார்கள். வீட்டு ஆட்கள் போய்ப் பார்க்கக் கூடாது, போன் பேசக் கூடாது. நோயாளி வாயால் என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயந்து மறைப்பார்கள் என்பதால் அப்படி ஒரு விதி. நாற்பதாம் நாள் ஒரு அதிகாரி தனியாக உட்காரவைத்துக் கேட்பார்: திரும்ப அந்த வீட்டுக்குப் போக விருப்பமா?

"பத்து நாள்ல, அடுத்த வாரம் புதன்கிழமை, வண்டி வரும்" என்றார் டாக்டர். "அளவுல பிழை இருக்குன்னு நிரூபிச்சா மட்டும்தான் நிறுத்த முடியும்."

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். "வேணி, நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலங்க."

"முப்பத்திநாலு வருஷம்னு சொல்லுதே!"

"மனுஷியாப் பொறந்தா ஆயிரம் இருக்கும். போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க."

இது பதிலா? நான் எனக்குள்ளேயே குற்றப்பத்திரிகை தயாரிக்க ஆரம்பித்தேன். தோசை விவகாரம். அவளுடைய அண்ணனிடம் வீம்புக்கு ஆறு மாதம் பேசாமல் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆட்களோடு மூன்று நாள் ஊட்டிக்குப் போகக் கேட்டபோது, "அம்மாவை யார் பாத்துக்கறது?" என்று நான் கேட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகக் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. ரிஜெக்ஷன் பெட்டியில் கிடக்கும் போல்ட்டும் தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து நானே காபி போட்டேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் எனக்கும் சேர்த்து வேறு காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

"நீங்க ஒரு வேலை செஞ்சா எனக்கு ரெண்டு வேலைங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் பரணிலிருந்து பையை இறக்கி, தூசி தட்டி, நாலு புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு புது சோப்பு. விதியே என்று ஏற்றுக்கொண்டுவிட்டாளே!

"எதுக்கு இப்பவே எடுத்து வைக்கிற? உன்னை யாரும் எங்கயும் கொண்டுபோக முடியாது. நான் விடமாட்டேன்."

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சோப்பைப் பைக்குள் தள்ளி ஜிப்பை மூடினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஜெசிந்தா அன்று ஓய்வாக இருந்தாள். கை எடுத்த படத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். உறவினர் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லித் திரையைத் திருப்பினாள். அதற்கு முன்னால் ஒன்று சொன்னாள்.

"சார், உங்களுக்குக் கோவம் இருக்கும். ஆனா இந்தச் சட்டம் தப்பில்ல. உத்திரமேரூர் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, தலைவலின்னு. எவ்வளவு கேட்டும் வாயே திறக்கல. கை நிலை அஞ்சுன்னு சொல்லிச்சு. ஏலகிரிக்கு அனுப்பினப்புறம்தான் முதுகைக் காமிச்சாங்க. அதைப் பாத்த நர்ஸ் ரெண்டு நாள் சாப்பிடல. அந்த அக்கா இப்ப ராணிப்பேட்டையில தனியா நல்லா இருக்காங்க."

எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. படத்தைப் பார்த்தேன். மங்கலான நீலத்தில் ஒரு வயிறு. அதன் நடுவே இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, ஆரம்பித்த உயரத்திலேயே சுற்றிவந்து முடிந்திருந்தது.

"ஏம்மா, துக்கம் இவ்வளவு நேரா கோடு போட்ட மாதிரியா இருக்கும்?"

"எல்லா அம்மாவுக்கும் இப்படித்தான் சார் வருது."

"எல்லாருக்குமா?"

"நம்ம ஊரு அம்மாக்களுக்கு. ஜப்பான்காரங்களுக்கு வராது. நம்ம பொம்பளைங்கதான் எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கறவங்களாச்சே, அதான்னு நெனச்சோம்."

முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்றவனுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எல்லாப் பொருளிலும், ஒரே இடத்தில், ஒரே குறை வந்தால் பொருளைத் திட்டக் கூடாது. கருவியைப் பார்க்க வேண்டும்.

"நாலு வருஷமா இத யாரும் கேள்வி கேக்கலியா?"

"ஆயிரத்தி இருநூறு பேருக்கு மேல போயிருக்காங்க சார். ஒருத்தர்கூட புகார் குடுக்கல. அதனால யாருக்கும் சந்தேகமே வரல."

பாவம், பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. படுக்கையின் விளிம்பா? பைஜாமாவின் எலாஸ்டிக்கா? அதை ஜப்பான்காரர்களும்தான் போடுகிறார்கள். நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாப்பிடும்போதும் வேணியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த வயசுல என்னங்க இது" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்பு. போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். வேணி பட்டுப்புடவையை மாற்ற அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து, "அப்பாடா!" என்று ஒரு குரல் வந்தது. சுமையை இறக்கி வைத்தவர்கள் விடுகிற மூச்சு அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அப்பாடாவைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நான் உள்ளே போனேன். பாவாடை நாடாவை அப்போதுதான் தளர்த்தி, இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க?"

"கொஞ்சம் கையை எடு."

கறுத்து, பள்ளமாக, வழவழவென்று ஒரு கோடு. வாய்க்கால் வெட்டியது மாதிரி இடுப்பைச் சுற்றி ஓடியது. நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து என் பழைய வெர்னியரை எடுத்து வந்தேன்.

"ஐயோ! வெக்கங்கெட்ட மனுஷா! அத எங்க கொண்டாந்து வைக்கிறீங்க? ஜில்லுன்னு இருக்குது!"

"ஆடாதே. நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். இது எப்பலேர்ந்து இருக்கு?"

"எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதாங்க. நாடா கட்டினா தடம் விழாதா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துதா?"

அவள் யோசித்தாள். "இல்ல. எங்கக்கா தையல்காரியாச்சே, எலாஸ்டிக் வச்சுதான் சுடிதார் தச்சுக் குடுப்பா. இங்க வந்தப்புறம் உங்க அம்மா, இந்த வீட்டுல புடவைதான்னுட்டாங்க. அப்புறம் ஸ்கூலுக்கும் புடவை."

"வலிக்குமா?"

"வெயில் காலத்துல எரியும். அடுப்பு முன்னாடி நிக்கறப்ப வேர்த்து ஊறும். இறுக்கிக் கட்டலேன்னா புடவை நிக்காதே. என்ன பண்றது?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் குதிக்க வேண்டும் போல இருந்தது. துக்கம் இல்லை, நாடா! இன்னொரு பக்கம் வெட்கமாக இருந்தது. ஒரு போல்ட்டில் மயிரிழைக் கீறல் விழுந்தால் கண்டுபிடிக்கிறவன் நான். என் வீட்டில், என் பெண்டாட்டியின் உடம்பில், நாலு மில்லிமீட்டர் பள்ளம் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், கவனிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்க வேணி" என்றேன்.

"நாடாவுக்கெல்லாம் மன்னிப்பா!" என்று அவள் என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டர் முன்னால் நின்றோம். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜெசிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். டாக்டரை அவள் ஜப்பானிய முறையில் சென்செய், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவாள்.

"சென்செய்! எங்கம்மா இடுப்புலயும் இருக்குது! சின்ன வயசுல அதுமேல விரலை வச்சு ரயில் ஓட்டுவேன். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

டாக்டர் ஷிமுரா எழுந்து போய் கதவைச் சாத்தினார். வேணியைப் படுக்கச் சொன்னார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"மனுஷக் கை வயித்துல பட்டா மெஷின் கை எடுக்கிற அளவு கெட்டுப்போகும்னு விதி இருக்கு" என்றார். "அந்தக் கை ஒசாகாவுல வந்ததுலேர்ந்து, பதினோரு வருஷமா நான் ஒரு வயித்தையும் தொடல."

தன் கையை வேணியின் வயிற்றில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அழுத்தவில்லை, வைத்தார் அவ்வளவுதான். கோட்டின் மேல் விரல் போனது, நின்றது, தாண்டியது, கீழே இறங்கியது. வேணியும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். மூன்று நிமிடம்.

"இறுக்கம் தோல்லயும் அதுக்குக் கீழ இருக்கிற சவ்விலயும்தான்" என்றார் டாக்டர். "அதுக்கு உள்ள ரொம்ப மென்மையா இருக்கு. மூணு நிமிஷம். எங்க ஆசிரியர் இருந்திருந்தா மூணு நிமிஷத்துல சொல்லியிருப்பார். நான் பதினோரு வருஷம் படத்துக்கு வைத்தியம் பாத்திருக்கேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. வேணி படுத்தபடியே அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தாள். "விடுங்க டாக்டர். இவரு முப்பத்திநாலு வருஷம் பாக்கல."

ஜெசிந்தாவுக்கு வேறு கவலை. "சென்செய், கை தப்புன்னு வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான். உத்திரமேரூர் அக்கா மாதிரி ஆளுங்களை யாரு நம்புவாங்க? பாவாடை நாடாடி அதுன்னு சொல்லி, புருஷன் வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவான்."

"கருவியத் தூக்கிப் போட வேணாம்மா" என்றேன். இது என் பேட்டை. "வெர்னியர் தப்பு காமிச்சா உடைக்கிறோமா? ஸீரோவைச் சரிபண்றோம். நாடா போற இடத்தை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்க. அந்த அக்காவுக்கு அப்பவும் அஞ்சுதான் வரும்."

பதினைந்து நிமிடம் ஜப்பானிய மொழியில் திரையோடு வாதாடினார்கள். வேணி பைஜாமாவுக்கு மாறிப் படுத்ததும் மறுபடி கை இறங்கியது. ஏழு நிமிடம். என் வாழ்க்கையில் எந்தப் பரிசோதனை அறிக்கைக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

நிலை ஒன்று. வயதுக்குரிய சாதாரணக் கவலைகள்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டேன். "பாத்தியா வேணி! நான்தான் சொன்னேனே!" டாக்டர் உத்தரவை ரத்துசெய்யும் பக்கத்தைத் திறந்தார். ஜெசிந்தா கைதட்டினாள். என்னோடு இருந்ததில் என் மனைவிக்குத் துக்கம் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் வரப்போகிறது. அதை ஃபிரேம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

வேணி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பைஜாமாச் சட்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப வண்டி வராதா?" என்றாள்.

"வராது!"

"புதன்கிழமை வராதா?"

"வரவே வராது வேணி. எல்லாம் ரத்து."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். "நிலை நாலுன்னே வச்சுக்க முடியாதுங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதில் ஓங்கி ஒரு அறை வாங்கியது போலிருந்தது.

"ஏன் வேணி?"

"ஐயம்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா ஊசி போட்டுக்க வருவாங்க. போன வருஷம் அங்க போயிட்டு வந்தவங்க. காலையில யாரோ கஞ்சி கொண்டாந்து குடுப்பாங்களாம். படுத்தா யாரும் எழுப்ப மாட்டாங்களாம். மத்தியானத்துக்கு என்ன சமைக்கறதுன்னு யோசிக்கவே வேணாமாம். நாப்பது நாளும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "நானும் போகலாம்னு இருந்தேங்க. டாக்டரம்மா நாலுன்னு சொன்னப்ப, உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோஷமா இருந்துது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தேன். நான் பாத்துக்கறேன்னுட்டீங்க."

எழுந்து நின்றவன் மறுபடி உட்கார்ந்தேன்.

"எல்லாரும் என் வயித்தைக் கேட்டீங்க" என்றாள் வேணி. கோபமில்லாமல்தான் சொன்னாள். "மெஷின் கேட்டுது, டாக்டரம்மா கேட்டாங்க, நீங்க அளவுகோல் வச்சே அளந்தீங்க. என்னைத்தான் யாரும் கேக்கல."

டாக்டர் ஷிமுரா நாற்காலியிலிருந்து எழுந்தார். வேணிக்கு முன்னால் நின்று இடுப்புவரை குனிந்து வணங்கினார். அப்படியே வெகுநேரம் நின்றார். வேணி பதறிப்போய், "ஐயோ, எழுந்திருங்க டாக்டர்" என்றாள்.

நிமிர்ந்ததும் டாக்டர் மேசையின் கீழறையைத் திறந்து தேடினார். ஒரே பக்கத்தில் ஒரு படிவம். சுய விருப்பம் என்று மேலே இருந்தது.

"சட்டத்துல இதுவும் இருக்கு. ஓய்வு வேணும்னு தானாக் கேக்கறவங்களுக்கு. நிலை எதுவும் வேணாம், கை தொட வேணாம்."

"நாலு வருஷத்துல இத ஒருத்தரும் கேட்டதில்ல சார்" என்றாள் ஜெசிந்தா. "நாங்களும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இனிமே மொதல்ல இதைச் சொல்லுவோம்" என்றார் டாக்டர். "அப்புறம்தான் கை."

வேணி மடியில் வைத்து எழுதினாள். பெயர், வயது, ஊர். காரணம் என்று கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆசை என்று எழுதினாள். நான் கணவன் கையெழுத்துக்காகப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. பேனாவைத் திரும்பவும் பாக்கெட்டில் சொருகிக்கொண்டேன்.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று முழுக்க வலித்தது. என்னை விட்டு நாற்பது நாள் இருக்க ஆசைப்படுகிறாளே என்று இருந்தது. மறுநாள் காலையில் அவள் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறாள் என்று உட்கார்ந்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்க இல்லை, சும்மா பார்த்தேன். பத்து மணிக்குள் அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வலி குறைந்துவிட்டது. கடைக்குப் போய் எலாஸ்டிக் வைத்த பாவாடை நாலு வாங்கி வந்து பையில் வைத்தேன். ரிக்ஷா மருந்து நாற்பது நாளுக்கும் இருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் சொருகினேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளை வண்டி நின்றது. உள்ளே ஏற்கெனவே ஐந்தாறு பெண்கள். யாரும் அழுகிற மாதிரி தெரியவில்லை. வேணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைத் தூக்கிக் கொடுத்தேன். சுய விருப்பத்தில் போகிறவர்கள் போன் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவர்கள்தான் கூப்பிட வேண்டும்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, "கத்துக்கறேன்" என்றேன்.

டிரைவர் கதவைச் சாத்தினார். இதற்கு மேல் விட்டால் கேட்கவே முடியாது என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"வேணி, என்கூட இருந்ததுல உனக்குச் சந்தோஷம்தானா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேணிக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களின் மேல் வைத்தாள்.

"இப்பதானே கேட்டிருக்கீங்க" என்றாள். "யோசிச்சு சொல்றேன். நாப்பது நாள் இருக்குல்ல."

வண்டி கிளம்பியது. வளைவில் திரும்பும்வரை அவள் கையை உள்ளே எடுக்கவில்லை. என்ன பதில் வந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, நான் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.